எலி நுழையாத வரப்பு

மடத்துப்பத்து, தென்காசி
ஈசுவர வருடம் வைகாசி 24 (6-6-1937)

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை குழல்வாய்மொழி அநேக நமஸ்காரம்.

இங்கே நானும் உங்கள் மகள் சங்கரியும் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா, கொழும்புச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதுங்கள். மலையில் மேகம் இறங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதென்று செங்கோட்டை ரயிலில் நேற்றே கூட்டம்.

சங்கரியை எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். தாயில்லாப் பிள்ளை என்று யாராவது தலையைத் தடவினால் முறைக்கிறாள். உங்கள் முழி அப்படியே இருக்கிறது. அதே நாளில் கீழத்தெரு மாடனையும் சேர்த்தேன். அவனைச் சேர்ப்பது இது மூன்றாம் தடவை. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அவன் போவதும், நான் பெயரை அடிப்பதும், திரும்ப எழுதுவதுமாக இருக்கிறது. அவன் மட்டுமில்லை, நடவு வந்தால் பாதி வகுப்பு வயலில்தான். மீதி மேலத்தெருப் பிள்ளைகள். மூன்று வேளையும் நெல்லுச்சோறு சாப்பிடுகிறார்கள், ஒருவருக்கும் சேற்றில் கால் வைத்துப் பழக்கமில்லை. அந்தப் பாதிக்குப் பள்ளிக்கூடம் எதற்கென்று தெரியவில்லை, இந்தப் பாதிக்கு வயல் எதற்கென்று தெரியவில்லை. பிள்ளைகள் வயலுக்குப் போவதை என்னால் நிறுத்த முடியாது. அதனால் வயலையே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன்.

குத்தகைக்காரர் எலுமிச்சைக் கமிஷன் கடைக்கு ஆளாகப் புளியங்குடிக்குப் போனதிலிருந்து நம்முடைய கல்லடி வயல் சும்மா கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரம். அதை இந்தக் கார்ப் பருவத்துக்கு எனக்குத் தாருங்கள். தழை மிதிப்பதிலிருந்து நெல் அளப்பது வரை பிள்ளைகளே செய்வார்கள். வாய்ப்பாட்டை மரக்காலிலும் படியிலும் சொல்லிக்கொடுப்பேன். தலைமை ஆசிரியர் ஞானதுரை சார் சம்மதித்துவிட்டார். "ஏதாச்சும் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும் டீச்சரம்மா" என்றும் சேர்த்துச் சொன்னார். சொல்லுகிறேன் என்றேன்.

முடியாது என்று எழுதுவதாக இருந்தால் கடிதத்தை மெதுவாகவே போடுங்கள். நாற்றுப் பாவியாகிவிட்டது.

இப்படிக்குத் தங்கை,
குழல்வாய்மொழி

*

கொழும்பு
ஆனி 3 (17-6-1937)

அன்புள்ள தங்கை குழல்வாய்மொழிக்கு அண்ணன் ஆவுடையப்பன் ஆசீர்வாதம்.

நான் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீங்கள் இருவரும் சாரலில் நனைந்து சளி பிடித்துக்கொள்ளாமல் இருக்கவும்.

நாற்றுப் பாவிவிட்டு வயல் கேட்கிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான். நான் சேற்றைக் கழுவிவிட்டுக் கப்பலேறியவன். இங்கே சரக்குக் கிட்டங்கியில் அரிசியை மூட்டையாகப் பார்ப்பதோடு சரி. படிக்க வந்த பிள்ளைகளைத் திரும்பவும் சேற்றுக்கே இழுத்துக்கொண்டு போகிறாயே, இதற்கா உன்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நீ ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாய். கல்யாணமான வருஷமே தாலியை இழந்து வந்தவள், மூலையில் உட்காரமாட்டேன், படிப்பேன் என்று சாப்பிடாமல் கிடந்து சாதித்தாயே, அதை நான் மறக்கவில்லை.

ஒரு பூ, இந்தக் கார் விளைச்சல் மட்டும் வைத்துக்கொள். அறுவடையில் பக்கத்திலிருக்கும் சித்தப்பா வயலுக்குக் குறையாமல் நெல் கண்டிருந்தால் அடுத்த பிசானப் பருவத்துக்கும், அதற்குப் பிறகும் வயல் பள்ளிக்கூடத்துக்கே. குறைந்தால் மறுபேச்சில்லாமல் சித்தப்பா கையில் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டு வயலும் ஒரே அளவு, ஒரே மண், ஒரே கால்வாய். சாக்குச் சொல்ல வழியில்லை.

சங்கரி வரப்பில் நின்று பார்க்கட்டும். சேற்றில் இறங்க வேண்டாம். நாளைக்கு ஒரு இடத்தில் வாழப்போகிற பெண்.

ஆசீர்வாதத்துடன்,
ஆவுடையப்பன்

*

மடத்துப்பத்து
ஆனி 27 (11-7-1937)

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? இடுப்பு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நடவு முடிந்தது!

பிள்ளைகள் மலையடிவாரம் போய் உரத்துக்குக் கொளிஞ்சித் தழை கொண்டுவந்தார்கள். மாடனின் அப்பா இரண்டு சால் உழுது கொடுத்தார். தழையைச் சேற்றில் போட்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நாலாம் வாய்ப்பாடு சொல்லிச் சொல்லி மிதித்தார்கள். "நாலேழு இருபத்தெட்டு" வரும்போதெல்லாம் யாராவது விழுந்தார்கள். வழுக்கல் காரணமா வாய்ப்பாடு காரணமா என்று தெரியவில்லை.

நாற்றுப் பறிக்கிற அன்று சங்கரிக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லா வளந்ததப் போய் பிடுங்குதாங்களே அத்தை" என்றாள். மாடன், "பிடுங்கி நட்டாத்தாம்ட்டி தூர் கட்டும்" என்று சொல்லி ஒரு நாற்று முடியை அவள் கையில் கொடுத்தான். ஆறு மாதமாக என் கேள்வி ஒன்றுக்கும் வாய் திறக்காத பையன், அன்றைக்கு முழுவதும் பேசிக்கொண்டே இருந்தான்.

நடவென்றால் பெண்கள் வேலை, பையன்கள் குனியமாட்டோம் என்றார்கள். அறுத்த நெல்லைப் பையன்கள் சாப்பிடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். எல்லாரும் குனிந்தார்கள். கயிறு பிடித்து ஆளுக்கொரு வரிசை. யாருக்கு எந்த வரிசை என்று சண்டை வரக்கூடாதென்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் பெயர் இருக்கும் முறைப்படியே கொடுத்தேன். முதலில் சேர்ந்த பிள்ளைக்கு மேலே மடைப் பக்கத்து வரிசை, கடைசியில் சேர்ந்த பிள்ளைக்குக் கீழே வடிகால் ஓரத்து வரிசை. முடித்ததும் பெண்பிள்ளைகள் குலவையிட்டார்கள். சத்தம் கேட்டு ஊரே வந்து எட்டிப் பார்த்தது. வல்லிநாயகம் சித்தப்பாவும் வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுப் போனார்.

தினமும் காலையில் ஆஜர் கூப்பிட்டால் எல்லாப் பெயருக்கும் "உள்ளேன்" வருகிறது அண்ணா. நடவு மாதத்தில் இப்படி வந்ததே இல்லை.

அன்புத் தங்கை,
குழல்வாய்மொழி

*

கொழும்பு
ஆடி 6 (21-7-1937)

குழல்வாய்மொழிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் நலம், அவ்விடம் நலத்துக்கு எழுதவும்.

சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. சங்கரியின் வரிசையும் மாடன் வரிசையும் அடுத்தடுத்து இருக்கிறதாம். இரண்டு பேரும் ஒரே சேற்றில் முழங்கால் வரை நின்று ஒரே முடியிலிருந்து நாற்றுப் பிரித்து நட்டார்களாம். உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். சங்கரி வரப்பில்தான் நின்றாள் என்று நீ எங்கும் எழுதவில்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

மேலத்தெருவில் மூன்று வீட்டார் பிள்ளைகளை நிறுத்தப்போவதாகச் சொல்கிறார்களாம். நிறுத்தினால் உன் பள்ளிக்கூடமும் இல்லை, வயலும் இல்லை. ஆகையால் வயலுக்குக் குறுக்கே ஒரு வரப்புப் போட்டுவிடு. மேல்பாதி மேலத்தெருப் பிள்ளைகளுக்கு, கீழ்ப்பாதி கீழத்தெருப் பிள்ளைகளுக்கு. சித்தப்பாவுக்கும் எழுதிவிட்டேன். உனக்கு வருத்தமாக இருக்கும். நான் ஊரில் இல்லாதவன், பெண்ணை ஊரில் விட்டிருக்கிறவன், அதையும் யோசித்துப் பார்.

ஆவுடையப்பன்

*

மடத்துப்பத்து
ஆடி 14 (29-7-1937)

அண்ணனுக்கு வணக்கம்.

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்த அன்றே சித்தப்பா தன் ஆட்களை விட்டு வரப்புப் போட்டுவிட்டார். நீங்கள் சொன்னபடி நடந்துவிட்டது. அந்த வரப்பை நான் தொடமாட்டேன் என்று சித்தப்பாவிடம் உங்கள் பெயரால் வாக்கும் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு பிள்ளையும் நிற்கவில்லை. வேறு விசேஷம் இல்லை.

குழல்வாய்மொழி

*

கொழும்பு
ஆடி 29 (13-8-1937)

அன்புள்ள தங்கைக்கு ஆசீர்வாதம்.

நான் சுகமாக இருக்கிறேன். நீ நீளமாக எழுதினால் கோபமாக இருக்கிறாய் என்று தெரியும், அதற்குப் பதில் எழுதலாம். இப்படி நாலு வரியில் எழுதினால் நான் என்ன செய்யட்டும்? பயிர் தூர் கட்டிவிட்டதா? களையெடுத்தாயா? வாய்ப்பாடு எதுவரை வந்திருக்கிறது? சங்கரி என்னைக் கேட்கிறாளா?

இங்கேயும் மழைதான். கிட்டங்கிக் கூரையில் மழை விழும்போதெல்லாம் ஊர்க் கால்வாய் ஞாபகம் வருகிறது. பதில் எழுது.

ஆவுடையப்பன்

*

மடத்துப்பத்து
ஆவணி 6 (22-8-1937)

அன்பும் மரியாதையும் மிகுந்த அப்பாவுக்கு மகள் சங்கரம்மாள் கும்பிட்டு எழுதுவது.

நானும் அத்தையும் சுகம். நீங்கள் சுகமா? அத்தை எழுதச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "நாளைக்கு எழுதுதேன்" என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் உங்களைக் கேட்டதில்லை, ஆனால் நினைத்துக்கொள்வேன்.

வயல் இப்போது இரண்டாக இருக்கிறது. சின்னத் தாத்தாவின் ஆட்கள் கட்டிய வரப்பு உங்கள் இடுப்பு உயரம் இருக்கும். தண்ணீர் போக ஒரு வாயாவது வைக்கச் சொல்லி அத்தை கேட்டாள். "வாய் வச்சா வரப்பு எதுக்கு? எலி நுழையப்படாது" என்று தாத்தா சொல்லிவிட்டார். வரப்பு மூக்கம்மாள் வரிசையின்மேல் உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு இப்போது எந்தப் பக்கமும் வரிசை இல்லை. அவள் நட்டதெல்லாம் அடியில் கிடக்கிறது.

என் வரிசை வடிகால் ஓரத்தில், கீழ்ப்பாதியில். நான் மேல்பாதிக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள், வந்துவிட்டேன். மடை மேல்பாதியில் இருப்பதால் எங்களுக்குத் தண்ணீர் வருகிறது. கீழ்ப்பாதிக்கு வராது. மாடன், மூக்கம்மாள், கீழத்தெருப் பிள்ளைகள் எல்லாரும் கால்வாயிலிருந்து குடத்தில் எடுத்து ஊற்றுகிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்குமுன் ஊற்றுகிறார்கள், விட்ட பிறகும் ஊற்றுகிறார்கள். அத்தையும் ஊற்றுகிறாள். அவள் தோளில் தோல் உரிந்திருக்கிறது. நான் விளக்கெண்ணெய் போட்டுவிட்டேன்.

மாடன் என் வரிசைக்கும் ஊற்றுகிறான். ஏன் என்று கேட்டேன். "உன் வரிசைன்னு பயிருக்குத் தெரியுமாட்டி? காயுதுல்லா" என்றான். நானும் ஊற்றப் போனேன். அத்தை விடவில்லை. "உங்க அப்பா பேரால வாக்குக் குடுத்திருக்கேன், நீ வரப்பத் தாண்டப்படாது" என்றாள்.

எனக்கு ஐந்தாம் வாய்ப்பாடு வரை வரும். ஆறு பாதி வரும்.

தங்கள் மகள்,
சங்கரம்மாள்

*

மடத்துப்பத்து
ஆவணி 21 (6-9-1937)

அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் மலையில் பேய்மழை. சிற்றாற்றில் வெள்ளம் வந்து கால்வாய் நிரம்பி வழிந்தது. கல்லடி வயலில் மேல்பாதி மூழ்கிவிட்டது. பயிர் பொதியாக, கதிர் வெளிவராமல் இருக்கும் சமயம். ஒரு நாள் மூழ்கிக் கிடந்தாலே அழுகிவிடும். வரப்பு உடைந்தது. தண்ணீர் கீழ்ப்பாதி வழியாக வடிகாலுக்குப் போய்விட்டது. பயிர் பிழைத்தது, ஒரு மூலை மட்டும் போனது.

சித்தப்பா உங்களுக்கு எழுதுவார். வரப்பை ஆள்தான் வெட்டியிருக்கிறது, தானாக உடையவில்லை என்று எழுதுவார். அது உண்மை. பள்ளிக்கூட வயலில் நடப்பதற்கெல்லாம் நானே பொறுப்பு. உங்கள் வாக்கு என் கையில் இருந்தது, தவறிவிட்டது. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அறுப்பு வரை மட்டும் வயலை விட்டுவையுங்கள். கேட்பது அது ஒன்றுதான்.

குழல்வாய்மொழி

*

கொழும்பு
ஆவணி 30 (15-9-1937)

குழல்வாய்மொழிக்கு,

நலம். சித்தப்பாவின் கடிதமும் உன் கடிதமும் ஒரே தபாலில் வந்தன.

சங்கரி எழுதியதைப் படித்த நாளிலிருந்து அந்த வரப்பில் ஒரு வாய் வைக்கச் சொல்லி சித்தப்பாவுக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை தாளை எடுத்தேன், கிழித்தேன். அதற்குள் நீயே மண்வெட்டியைத் தூக்கிவிட்டாய். ஒரு வார்த்தை எனக்கு எழுதியிருக்கக் கூடாதா? உன்னைப் படிக்க வைத்ததற்கு ஊர் என்னைப் பேசியதெல்லாம் சரிதான் என்று ஆக்கிவிட்டாய். "ஓம் தங்கச்சி ஓன் வாக்குக்குக் கட்டுப்பட்டவ இல்லலே" என்று சித்தப்பா எழுதியிருக்கிறார்.

அறுப்பு வரை வைத்துக்கொள். நெல் எவ்வளவு கண்டாலும் சரி, அறுப்பு முடிந்ததும் வயல் சித்தப்பாவுக்கு. ஐப்பசியில் தபால்காரர் காஜாவின் மாமா இங்கே வருகிறார். சங்கரியை அவர் குடும்பத்தோடு அனுப்பிவிடு. இனி அவள் என்னோடு இருக்கட்டும்.

ஆவுடையப்பன்

*

மடத்துப்பத்து
புரட்டாசி 8 (24-9-1937)

அப்பாவுக்கு மகள் சங்கரம்மாள் கும்பிட்டு எழுதுவது.

சுகம். நீங்கள் சுகமா?

அத்தை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா ஊதிக்கொண்டிருந்தாள். நான் எடுத்துப் படித்தேன். அப்பா, வரப்பை வெட்டியது அத்தை இல்லை. நான்.

அன்றைக்கு விடியும்போதே மலை தெரியவில்லை. மடையை அடைத்தும் தண்ணீர் கால்வாய்க் கரைக்கு மேலே ஏறி வயலுக்குள் வந்தது. மேல்பாதியில் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. மேலத்தெரு முருகம்மாள் அவள் வரிசை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அழுதாள். அத்தை குடைகூட எடுக்காமல் சின்னத் தாத்தா வீட்டுக்கு ஓடினாள், ஒரு வாய் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்க. "மழ விட்டா வடியும், போ" என்றாராம். எங்கே வடியும் அப்பா? வடிகால் வரப்புக்கு அந்தப் பக்கமல்லவா இருக்கிறது?

மாடனும் மூக்கம்மாளும் கீழ்ப்பாதியில் நின்றார்கள். அவர்கள் பயிருக்கு ஒன்றுமில்லை, ஜோராக நின்றது. சும்மா இருந்திருக்கலாம். மாடன் வடிகால் வாயைக் கையாலேயே தோண்டி அகலமாக்கிவிட்டு, "அங்கன வெட்டுனா இங்கன வழியா போயிரும். நாங்க தொறந்து வச்சிருக்கோம்" என்றான். மேல்பாதியில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடி வாங்க யாருக்கும் இஷ்டமில்லை. நான் பள்ளிக்கூடத்து மண்வெட்டியை எடுத்தேன்.

"ஏட்டி, உங்க அப்பா வைவாவல்லா?" என்று மாடன் கேட்டான்.

"எங்க அப்பா கொழும்புலல்லா இருக்காவ" என்றேன்.

மண் கெட்டியாக இருந்தது. இந்தப் பக்கம் நான் வெட்டினேன், அந்தப் பக்கம் மூக்கம்மாள் பிறாண்டினாள். அவள் வரிசை அடியில் இருந்ததால் அவளுக்கு என்னைவிட ஆவேசம். தண்ணீர் உடைத்துக்கொண்டு போனபோது இரண்டு பேரும் விழுந்துவிட்டோம். அத்தை திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. என்னை அடிக்கவில்லை. தலையைத் துவட்டினாள். "இத நீ அப்பாவுக்கு எழுதப்படாது. நான் எழுதிக்கிடுதேன்" என்றாள். அவள் எழுதிய கடிதத்தில் என் பெயர் இல்லை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கொழும்புக்கு வரச் சொன்னால் வருகிறேன். அத்தையை வையாதீர்கள். இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் தபால்காரர் காஜாவிடம் கொடுக்கிறேன்.

தங்கள் மகள்,
சங்கரம்மாள்

*

மடத்துப்பத்து
ஐப்பசி 1 (17-10-1937)

அண்ணனுக்கு வணக்கம்.

சுகம். உங்களிடமிருந்து ஒரு மாதமாகத் தபால் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபத்தால் எழுதாமல் இருந்தால் பரவாயில்லை, சுகமில்லாமல் எழுதாமல் இருந்தால் காஜாவின் மாமாவிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

அறுப்பு முடிந்தது. அறுப்பும் பிள்ளைகள்தான். கதிர்க்கட்டு கட்டத் தெரியாமல் பாதி வழியில் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது, பொறுக்கி எடுத்தார்கள். களத்தில் மேல்பாதிக் கட்டு எது, கீழ்ப்பாதிக் கட்டு எது என்று சித்தப்பா கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை. ஒரே பொலியாகக் குவித்து ஞானதுரை சார் முன்னிலையில் அளந்தோம். மாடன் மரக்கால் பிடித்தான், சங்கரி எண்ணினாள்.

சித்தப்பா வயலைவிட நமக்கு இரண்டு மரக்கால் குறைவு. அதை மறைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் முதலில் வைத்த நிபந்தனைப்படியும் தோற்றுவிட்டோம். வரப்பைப் பற்றி நான் எழுதியதில் மாற்றவோ சேர்க்கவோ ஒன்றுமில்லை. சங்கரியின் பெட்டி கட்டியாகிவிட்டது. ஆறாம் வாய்ப்பாடு முழுவதும் சொல்லுகிறாள்.

வயலைச் சித்தப்பாவிடம் கொடுக்க நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதினால் போதும். அதற்காக நான் விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு கரடு கிடக்கிறது. கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டோம். கத்தரியாவது வரும். இந்தப் பருவத்தில் ஒரு பெயர்கூட அடிக்கவில்லை அண்ணா. மாடனுக்கு ஒரு மாதமும் விடாமல் ஆஜர் இருக்கிறது.

காஜாவின் மாமா முன்னதாகப் புறப்படுகிறார், அவர் கையில் ஒரு படி புது அரிசி கொடுத்தனுப்புகிறேன். சங்கரி அவர் வீட்டாரோடு மாதக் கடைசியில் வருவாள். வடித்துச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கை,
குழல்வாய்மொழி

*

கொழும்பு
ஐப்பசி 11 (27-10-1937)

மகா கனம் பொருந்திய சித்தப்பா வல்லிநாயகம் அவர்களுக்கு மகன் முறை ஆவுடையப்பன் அநேக நமஸ்காரம்.

நான் நலம். தங்கள் மூட்டு வலியும் சித்தியின் இருமலும் தேவலையா? குளிர் தொடங்குமுன் கஷாயம் போட்டுக் கொடுக்கவும்.

கல்லடி வயல் விஷயமாகத் தாங்கள் எழுதிய கடிதங்களுக்கு இப்போது ஒரே பதிலாக எழுதுகிறேன். ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். வேறொன்றுமில்லை.

வரப்பை வெட்டியது என் தங்கை அல்ல. என் மகள் சங்கரம்மாள். ஊரில் யாராவது கேட்டால் தாங்கள் அப்படியே சொல்லலாம், பெயரையும் சொல்லலாம். போடச் சொன்னவன் நான், வாயில்லாமல் போட்டது தாங்கள், மூழ்கியது பிள்ளைகளின் பயிர். எனக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே தாங்கள்தான். "தண்ணி வார வழியப் பாத்தா போதாதுலே, போற வழிய மொதல்ல பாரு" என்று முதல் நாள் சொன்னீர்கள். நம் குடும்பத்தில் வடிகாலை அடைத்து யாரும் வயல் கட்டியதில்லை. கோபத்தில் தாங்களும் மறந்தீர்கள், தூரத்தில் இருந்து நானும் மறந்தேன். பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

நெல் இரண்டு மரக்கால் குறைவு என்று குழல்வாய் எழுதியிருக்கிறாள். ஒரு வரிசைப் பயிர் வரப்புக்கு அடியில் கிடந்தது, ஒரு மூலை வரப்பால் அழுகியது. அவற்றில் என்ன விளைந்திருக்கும் என்று தாங்களே மனதில் அளந்து பாருங்கள். நான் அளந்து பார்த்துவிட்டேன். என் நிபந்தனைப்படி பிள்ளைகள் தோற்கவில்லை.

ஆகவே வயல் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும், இந்தப் பிசானத்துக்கும் அதற்குப் பிறகும். மிச்சமிருக்கும் வரப்பைத் தாங்கள் போட்ட ஆட்களை விட்டே நிரவிவிடவும். பிள்ளைகளை நிறுத்துவோம் என்ற வீட்டாருக்கு ஒன்று சொல்லுங்கள். ஆவுடையப்பன் தன் மகளைக் கொழும்புக்கு அழைக்கவில்லை, அவள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே, அந்த வயலிலேயே, அதே வரிசையிலேயே படிப்பாள். கட்டின பெட்டியை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

குழல்வாய்க்கு நான் தனியாக எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் எங்கே முடிப்பதென்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தைத் தாங்களே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். இதை நான் தங்களிடம் கெஞ்சிக் கேட்கவில்லை, சித்தப்பா. வயல்காரன் என்ற முறையில் சொல்லுகிறேன்.

அவள் அனுப்பிய அரிசியை நேற்று வடித்தேன். இத்தனை வருஷம் மூட்டை மூட்டையாக அரிசி பார்த்தும் இப்படி ஒரு வாய் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டு முடித்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கார்த்திகை நடவுக்கு லீவு கேட்டிருக்கிறேன். எனக்கும் ஒரு வரிசை ஒதுக்கச் சொல்லவும். கடைசியாகச் சேருகிறவனுக்கு மாடனுக்கும் சங்கரிக்கும் கீழே, வடிகால் ஓரத்து வரிசைதான் வரும். எனக்கு அதுவே போதும்.

தங்கள்,
ஆவுடையப்பன்